ஒரே பெயர், பத்து விலை: குடும்ப செடானுக்கு எஞ்சினும் வேரியன்டும் தேர்ந்தெடுக்கும் முறை

2025 செப்டம்பர் 22 முதல் கார்களுக்கான ஜிஎஸ்டி மாறியது. மாருதி டிசையருக்கு 29 சதவீதமாக இருந்த மொத்த வரி 18 சதவீதமாக இறங்கியது. ஹோண்டா சிட்டிக்கு 45 சதவீதமாக இருந்தது 40 ஆனது. இரண்டும் செடான், அதாவது பின்னால் தனி டிக்கி நீட்டிக்கொண்டிருக்கும் கார்; இரண்டும் பெட்ரோல், இரண்டிலும் ஐந்து பேர் உட்காரலாம். ஆனால் ஒன்றுக்குப் பதினொரு புள்ளிகள் குறைந்தன, மற்றதற்கு ஐந்துதான். இது ஏன் என்று புரிவதற்குள், ஷோரூமில் விலைப் பட்டியலை நீட்டுகிறார்கள். அதில் ஒரே காரின் பெயருக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு விலைகள். மிகக் குறைந்ததற்கும் மிக உயர்ந்ததற்கும் இடையே பல லட்சம் வித்தியாசம்.

எந்தக் கார் என்ற கேள்விக்கு வீட்டில் மாதக்கணக்கில் விவாதம் நடக்கிறது. எந்த எஞ்சின், எந்த வேரியன்ட் என்ற கேள்விக்கோ விற்பனைப் பிரதிநிதியின் மேசையில் பத்து நிமிடத்தில் விடை முடிவாகிவிடுகிறது. பணம் அதிகம் வீணாவது இந்த இரண்டாவது கேள்வியில்தான்.

## முதலில் நான்கு மீட்டர் கோடு

வரிச் சட்டத்தின் பார்வையில் செடான் என்று தனியாக ஒன்றும் இல்லை. சிறிய பெட்ரோல் கார் என்று கருதப்பட இரண்டு நிபந்தனைகள் உண்டு: நீளம் 4,000 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, எஞ்சின் 1,200 சிசியைத் தாண்டக் கூடாது. இரண்டும் சேர்ந்து நிறைவேறினால் 18 சதவீதம். ஒன்று தவறினாலும் 40.

டிசையரின் நீளம் 3,995 மி.மீ., எஞ்சின் 1,197 சிசி. கோட்டுக்கு ஐந்து மில்லிமீட்டர் முன்னால் நின்றுகொண்டது தற்செயல் அல்ல. ஹோண்டா அமேஸ், ஹூண்டாய் ஆரா, டாடா டிகோர் எல்லாமே இப்படி அளந்து வெட்டப்பட்டவை. பின்புறம் சட்டென்று முடிந்துவிடுவதுபோல் தெரிவதற்கு இதுவே காரணம். ஸ்கோடா ஸ்லாவியாவின் சிறிய எஞ்சின் 999 சிசிதான். ஆனாலும் காரின் நீளம் நான்கரை மீட்டர், அதனால் 40 சதவீதம்.

இந்தக் கோடு டிக்கியின் அளவையும் தீர்மானிக்கிறது. டிசையரில் 382 லிட்டர், அமேஸில் 416 லிட்டர். சிட்டியில் 506, ஸ்லாவியாவில் 521, ஹூண்டாய் வெர்னாவில் 528. நான்கு பேர் ஒரு வாரப் பயணம் போகும் வீட்டில் இந்த நூற்றுச் சொச்சம் லிட்டர், ஒரு பெரிய பெட்டி உள்ளே போகுமா, மடியில் வருமா என்பதைத் தீர்மானிக்கும்.

## வேரியன்ட் என்பது தனித் தேர்வு அல்ல

ஒரே காரை உபகரணங்களின் அளவை வைத்துப் படிகளாகப் பிரித்து விற்பதுதான் வேரியன்ட். டிசையருக்கு எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ பிளஸ். சிட்டிக்கு எஸ்வி, வி, விஎக்ஸ், இசட்எக்ஸ். படி ஏற ஏறப் பொருள்கள் கூடும், விலையும் கூடும். இது எல்லோருக்கும் தெரிந்ததே.

பலர் கவனிக்காமல் விடுவது, நிறுவனங்கள் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இந்தப் படிகளோடு முடிச்சுப் போட்டு வைத்திருப்பதைத்தான். 2023 மார்ச்சில் புதிய வெர்னா வெளிவந்தபோது இஎக்ஸ், எஸ், எஸ்எக்ஸ், எஸ்எக்ஸ் (ஓ) என நான்கு படிகள் இருந்தன. சாதாரண எஞ்சினுடன் ஆட்டோமேட்டிக் கேட்டவர் எஸ்எக்ஸ் படிக்கு ஏற வேண்டியிருந்தது. டர்போ எஞ்சின், அதாவது கூடுதல் காற்றை உள்ளே அழுத்தி வலிமை கூட்டும் எஞ்சின், கேட்டவருக்கும் எஸ்எக்ஸுக்குக் கீழே கிடைக்கவில்லை. சிட்டியின் அடிப்படை எஸ்வியில் மேனுவல் மட்டுமே. ஆட்டோமேட்டிக் வி படியில் தொடங்குகிறது.

ஆகவே எனக்குக் கியர் மாற்றும் வேலை வேண்டாம் என்ற சாதாரண விருப்பம், கேட்காத சன்ரூஃபுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வைக்கலாம். இதைத் தவிர்க்க வழி, பட்டியலை நிறுவனம் அச்சிட்ட வரிசையில் படிக்காமல் இருப்பதுதான். நாம் படிக்க வேண்டிய வரிசை இது:

1. நம் சாலைக்கும் சுமைக்கும் ஏற்ற எஞ்சின்.
2. நம் அன்றாட நெரிசலுக்கு ஏற்ற கியர்பாக்ஸ்.
3. அந்த இரண்டும் கிடைக்கும் படிகளில், பிறகு வெளியே பொருத்த முடியாதவை எல்லாம் அடங்கிய மிகக் கீழான படி.

மூன்றாவது வரிதான் இந்தக் கட்டுரையின் சாரம். ஆனால் அதற்குப் போவதற்கு முன் முதல் இரண்டையும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

## எஞ்சின்: பிஎஸ் எண்ணைப் பார்த்து ஏமாறுவது

விளம்பரத்தில் பெரிதாக இருப்பது பிஎஸ் என்று குறிக்கப்படும் அதிகபட்சத் திறன். சிட்டியின் 1.5 லிட்டர் எஞ்சின் 121 பிஎஸ். ஸ்லாவியா, ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் இரண்டிலும் வரும் 1.0 லிட்டர் டர்போ 115 பிஎஸ். எண்ணை மட்டும் பார்த்தால் சிட்டிதான் வலிமையானது.

ஆனால் 121 பிஎஸ் வருவது நிமிடத்துக்கு 6,600 சுழற்சியில். குடும்பத்தோடு போகும்போது யாரும் எஞ்சினை அந்த அளவுக்கு அலற விடுவதில்லை. அன்றாடம் நாம் ஓட்டுவது 1,500 முதல் 3,000 சுழற்சி வரையில்தான். அங்கே கைகொடுப்பது முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் விசை. அது எவ்வளவு என்பதோடு எந்தச் சுழற்சியில் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சிட்டியின் அதிகபட்ச முறுக்குவிசை 145 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,300 சுழற்சியில். ஒரு லிட்டர் டர்போவுக்கு 178 நியூட்டன் மீட்டர், 1,750 சுழற்சியிலேயே. திறன் என்பது முறுக்குவிசையைச் சுழற்சியால் பெருக்கிய கணக்கு. 1,750 சுழற்சியில் டர்போ ஏறக்குறைய 44 பிஎஸ் தருகிறது. சிட்டி தன் முழு 145 நியூட்டன் மீட்டரையும் அந்தச் சுழற்சியிலேயே தருவதாக வைத்துக்கொண்டாலும் 36 பிஎஸ்ஸைத் தாண்டாது. நிஜத்தில் இன்னும் குறையும். பட்டியலில் ஆறு பிஎஸ் பின்தங்கிய எஞ்சின், சாலையில் முன்னால் நிற்பது இப்படித்தான்.

இந்த வித்தியாசம் எல்லோருக்கும் முக்கியமா என்றால், இல்லை. தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் சமதரையில் இரண்டு பேராகப் போய்வருகிறவருக்கு டர்போ இல்லாத எஞ்சினே போதும். கொஞ்சம் அதிகம் சுழற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், ஏசி ஓடுகிறது, முன்னால் வால்பாறையின் நாற்பது கொண்டையூசி வளைவுகள் என்றால் கதை வேறு. வளைவில் வேகம் இறங்கி, சுழற்சியும் இறங்கி, மீண்டும் ஏற வேண்டிய அந்த நொடியில்தான் 112 நியூட்டன் மீட்டர் தரும் 1.2 லிட்டர் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். ஏறாது என்பதல்ல. முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையே அல்லாட வேண்டியிருக்கும்.

வெர்னாவின் 1.5 டர்போ 160 பிஎஸ், 253 நியூட்டன் மீட்டர். ஸ்லாவியா, விர்டஸின் 1.5 டர்போ 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். ஓட்டுவதில் இன்பம் காண்பவர்களுக்கு இவை அருமையான எஞ்சின்கள். குடும்பத் தேவை என்ற ஒரே அளவுகோலில் பார்த்தால் ஒரு லிட்டர் டர்போவைத் தாண்டிப் போவது ஆசைக்கான செலவு. ஆசை தப்பில்லை. அதைத் தேவை என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

டர்போவின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1,500 சுழற்சிக்குக் கீழே டர்போ விழித்துக்கொள்வதற்குள் ஒரு தயக்கம் இருக்கும். மூன்று சிலிண்டர் எஞ்சின் நின்ற இடத்தில் ஓடும்போது லேசான அதிர்வு தெரியும். எண்ணெய் மாற்றும் தவணையைத் தள்ளிப்போடுவதை டர்போ இல்லாத எஞ்சின் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், டர்போ பொறுக்காது. கண்ட எண்ணெயை ஊற்றும் பட்டறைக்கு இந்தக் கார்களைக் கொண்டுபோகக் கூடாது.

### டீசல் எங்கே போயிற்று?

'நெடுஞ்சாலை ஓட்டம் அதிகமென்றால் டீசல் வாங்கு' என்பது நம் வீடுகளில் இருபது ஆண்டுகளாக நடமாடிய அறிவுரை. இந்த அளவு செடான்களில் அந்த அறிவுரைக்கு இப்போது வேலையே இல்லை. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 (பிஎஸ்6) மாசு விதி வந்தபோது மாருதி டீசலைக் கைவிட்டது. சாலையில் ஓடும்போதே புகையை அளக்கும் இரண்டாம் கட்ட விதி 2023 ஏப்ரலில் வந்தபோது சிட்டியும் வெர்னாவும் விட்டன. புகையைச் சுத்திகரிக்கும் கருவிகளின் செலவு சிறிய டீசல் எஞ்சினின் விலையில் தாங்காது என்பதே காரணம். பழைய டீசல் காரை வாங்க நினைப்பவர் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளட்டும்: நுண்துகள் வடிகட்டி உள்ள டீசல் கார், தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வாழ்க்கைக்கு ஏற்றதல்ல. வடிகட்டி சூடாகித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் தேவை.

### ஹைபிரிட் கணக்கு

சிட்டி ஹைபிரிட்டில் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டார்களும் உண்டு. நகர வேகத்தில் பெரும்பாலும் மோட்டார்தான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. எஞ்சின் மின்சாரம் தயாரிக்கிறது. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் எஞ்சின் நேராகச் சக்கரத்தோடு இணைகிறது. ஆகவே மிச்சம் அதிகம் தெரிவது நெரிசலில்தான், நெடுஞ்சாலையில் அல்ல. டீசலுக்கு நேர் எதிர்.

நிறுவனம் சொல்லும் மைலேஜை ஒதுக்கிவிட்டு, நெரிசலில் சாதாரண சிட்டி லிட்டருக்கு 13 கி.மீ., ஹைபிரிட் 20 கி.மீ. தருவதாகவும், பெட்ரோல் 100 ரூபாய், விலை வித்தியாசம் 3 லட்சம் என்றும் வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுச் சாலை வரியையும் சேர்த்தால் வித்தியாசம் 3.54 லட்சம்.

1. ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டுபவர் மிச்சம் பிடிப்பது சுமார் 32,000 ரூபாய். போட்ட பணம் திரும்பி வரப் பதினோரு ஆண்டுகள்.
2. ஆண்டுக்கு 30,000 கி.மீ. ஓட்டுபவருக்கு மிச்சம் சுமார் 81,000 ரூபாய். நாலரை ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும்.

பேட்டரி பின்னால் இருப்பதால் டிக்கி 506 லிட்டரிலிருந்து 306 ஆகச் சுருங்குகிறது. டிசையரை விடவும் குறைவு. நெரிசலில் நிறைய ஓட்டுகிறவர், சாமான் அதிகம் ஏற்றாதவர், பத்தாண்டுகள் வைத்திருக்கப் போகிறவர்: இந்த மூன்றும் ஒருவரே என்றால் மட்டும் ஹைபிரிட்.

### சிஎன்ஜி

சிஎன்ஜி என்பது உருளையில் அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு. டிசையர் சிஎன்ஜிக்கு நிறுவனம் சொல்லும் மைலேஜ் கிலோவுக்கு 33.73 கி.மீ. பெட்ரோல் மேனுவலுக்கு லிட்டருக்கு 24.79. சிஎன்ஜி கிலோ 90 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 1.37 ரூபாய் மிச்சம். கூடுதலாகக் கொடுக்கும் தொகை 90,000 என்றால் 66,000 கி.மீ. ஓட்டிய பிறகே லாபம் தொடங்கும். சிஎன்ஜியில் ஓடும்போது 82 பிஎஸ் சுமார் 70 ஆகக் குறைகிறது. பெரிய உருளை டிக்கியை அடைத்துக்கொள்கிறது. டிகோரில் உருளையை இரண்டு சிறியவையாகப் பிரித்து டிக்கியின் அடியில் வைத்திருக்கிறார்கள், அதனால் ஓரளவு இடம் மிஞ்சுகிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலேயே நிலையம் இல்லையென்றால் இந்தக் கணக்கையே போட வேண்டாம்.

## கியர்பாக்ஸ்: ஆட்டோமேட்டிக் என்பது ஒன்றல்ல, நான்கு

விற்பனையாளர் 'ஆட்டோமேட்டிக்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். உள்ளே இருப்பது எது என்று கேட்க வேண்டும்.

1. ஏஎம்டி. சாதாரண மேனுவல் பெட்டிதான். கிளட்சையும் கியரையும் நமக்குப் பதிலாக ஓர் இயந்திரக் கை மாற்றுகிறது. விலை குறைவு, மைலேஜ் குறையாது. ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் கார் ஒரு கணம் தலையசைக்கும். பின்னால் இருப்பவர்களுக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, இது எரிச்சல். டிசையரில் இருப்பது இது.
2. சிவிடி. இதில் கியர்களே இல்லை. இரண்டு கப்பிகளுக்கு இடையே ஒரு பட்டை வழுக்கிக்கொண்டே விகிதத்தை மாற்றுகிறது. நெரிசலில் இதைவிட மென்மையானது இல்லை. அழுத்தி மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் பிறகு வரும். சிட்டி, அமேஸ், டர்போ இல்லாத வெர்னா மூன்றிலும் உண்டு. ஹூண்டாய் இதை ஐவிடி என்று அழைக்கிறது.
3. டார்க் கன்வர்ட்டர். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே திரவம் விசையைக் கடத்தும் பழைய முறை. ஊர்ந்து போவதைத் தாங்கும், ஏற்றத்தில் நம்பிக்கை தரும். ஸ்லாவியா, விர்டஸின் ஒரு லிட்டர் எஞ்சினோடு ஆறு கியர்களுடன் வருகிறது.
4. டிசிடி. இரண்டு கிளட்சுகள். ஒன்று வேலை செய்யும்போதே மற்றது அடுத்த கியரைத் தயாராக வைத்திருக்கும். மாற்றம் மின்னல் வேகம். 1.5 டர்போ எஞ்சின்களோடு வருவது இதுவே. டிஎஸ்ஜி என்று ஸ்கோடாவும் ஃபோக்ஸ்வேகனும் அழைப்பதும் இதே வகைதான்.

டிசிடியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தக் கார்களில் வருபவை எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்சுகள். திறந்த சாலையில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அடியடியாக நகரும் நெரிசலில் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும். சென்னையில் தினமும் இரண்டு மணிநேரம் ஊர்கிறவர் இதைத் தேர்ந்தெடுத்தால், பிரேக்கை லேசாக விட்டு விட்டு நகரும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். முன்னால் ஒரு கார் நீளம் இடைவெளி விழுந்த பிறகு நகர வேண்டும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

கிளட்ச் மிதித்து முழங்கால் வலிக்கிறவருக்கு ஆட்டோமேட்டிக்கின் கூடுதல் விலை நியாயமானது. மாதம் நானூறு கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மேனுவலே போதும்.

## பட்டியலில் உள்ள மைலேஜ்

நிறுவனம் சொல்லும் மைலேஜ் சாலையில் அளந்ததல்ல. சோதனைக் கூடத்தில், உருளைகளின் மேல் காரை நிறுத்தி, குறித்துவைத்த வேக வரிசைப்படி ஓட்டி அளப்பது. அந்த வரிசையின் உச்ச வேகமே மணிக்கு 90 கி.மீ. முடுக்கமும் மென்மையானது. இதனால்தான் 160 பிஎஸ் வெர்னா டிசிடிக்கு 20.6 கி.மீ., 115 பிஎஸ் வெர்னா ஐவிடிக்கு 19.6 கி.மீ. என்ற விசித்திரம் பட்டியலில் தெரிகிறது. மெதுவாக ஓட்டினால் டர்போ எஞ்சின் சிக்கனமாகத்தான் இருக்கும். மிதிக்கும்போது குடிக்கும். ஆனால் மிதிப்பதற்காகத்தானே அதை வாங்குகிறார்கள்.

இதோடு, பங்க்கில் நாம் போடும் பெட்ரோலில் எத்தனாலும் கலந்திருக்கிறது. எத்தனாலில் ஒரு லிட்டருக்கு உள்ள ஆற்றல், பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால், கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிடுகையில் ஆற்றல் ஆறேழு சதவீதம் குறையும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களின் குழாய்களும் ரப்பர் பாகங்களும் இந்தக் கலவையைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. ஆகவே புதிய கார் வாங்குபவர் பழுதை நினைத்துப் பயப்பட வேண்டாம். மைலேஜ் எதிர்பார்ப்பை மட்டும் குறைத்துக்கொண்டால் போதும். இரண்டு கார்களை ஒப்பிட மட்டும் பட்டியல் எண்களைப் பயன்படுத்தலாம். மாதச் செலவைத் திட்டமிட அவை உதவாது.

## வேரியன்ட்: வெளியே வாங்க முடியாதது எது?

இப்போது நாம் படிக்க வேண்டிய வரிசையின் மூன்றாவது வரிக்கு வரலாம்: வெளியே பொருத்த முடியாதவை அடங்கிய மிகக் கீழான படி. ஒவ்வொரு படியிலும் கூடுதலாக வரும் பொருள்களை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்.

தொழிற்சாலையில் மட்டுமே பொருத்தக்கூடியவை: ஏர்பேக்குகள், சறுக்கும்போது காரை நிலைநிறுத்தும் இஎஸ்சி, பின் சக்கர டிஸ்க் பிரேக், குழந்தை இருக்கைக்கான ஐசோஃபிக்ஸ் கொக்கிகள், பின் இருக்கை நடுவில் உட்காருபவருக்குத் தலைதாங்கியும் மூன்று முனை பெல்ட்டும், பின் ஏசி துளைகள், அவசரத்தில் தானாகப் பிரேக் பிடிக்கும் ஓட்டுநர் உதவித் தொழில்நுட்பம்.

பிறகு வெளியே பொருத்திக்கொள்ளக்கூடியவை: தொடுதிரை, பின்பக்கக் கேமரா, ஸ்பீக்கர், இருக்கை உறை, அலாய் சக்கரம், டயர் காற்றழுத்த உணரி, டாஷ்கேம், அலங்கார விளக்கு.

இரண்டாவது பட்டியலுக்காக ஒரு படி ஏறுவது பெரும்பாலும் வீண். முதல் பட்டியலில் ஒன்றே ஒன்று வேண்டுமென்றாலும் ஏறிவிட வேண்டும். ஒரு விதிவிலக்கு: வெளியே பொருத்தும்போது காரின் மின்கம்பியை வெட்டி இணைக்கும் கடைகள் உண்டு. அப்படிச் செய்தால் மின் பாகங்களுக்கான வாரன்டி போய்விடும். கம்பியை வெட்டாமல், காரின் இணைப்பானிலேயே செருகும் பொருள்களை மட்டும் வாங்க வேண்டும்.

ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பிரிப்பு, மேல் படியை வாங்கு என்றே சொல்லியிருக்கும். அப்போது ஆறு ஏர்பேக்குகள் உச்சப் படிக்கு மட்டும் உரியவை. இன்று நிலைமை மாறிவிட்டது. வெர்னா 2023 முதலும், சிட்டியும் ஸ்லாவியாவும் 2024 முதலும் எல்லாப் படிகளிலும் ஆறு ஏர்பேக்குகளைத் தருகின்றன. 2024 நவம்பரில் வந்த புதிய டிசையரும் டிசம்பரில் வந்த புதிய அமேஸும் அப்படியே. ஆகவே 'பாதுகாப்புக்காக டாப் எண்ட் வாங்குங்கள்' என்ற விற்பனை வாதத்தின் பலம் இப்போது பெரிதும் குறைந்துவிட்டது.

மோதல் சோதனை நட்சத்திரங்களையும் கொஞ்சம் உள்ளே போய்ப் படிக்க வேண்டும். கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் 2023 ஏப்ரலில் ஸ்லாவியாவும் விர்டஸும், அக்டோபரில் வெர்னாவும் ஐந்து நட்சத்திரம் பெற்றன. ஆனால் அதே அறிக்கைகளில் உடற்கூட்டின் உறுதி தனியாகக் குறிக்கப்படுகிறது. முதல் இரண்டும் நிலையானவை என்றும், வெர்னாவின் கூடு நிலையற்றது என்றும் அங்கே பதிவாயிற்று. நட்சத்திரம் ஒன்றே, செய்தி வேறு. எந்த வேரியன்ட் வாங்கினாலும் இந்தக் கூடு மாறாது.

ஓட்டுநர் உதவித் தொழில்நுட்பம்தான் இன்று மேல் படிக்கு ஏறுவதற்கு எஞ்சியிருக்கும் உண்மையான காரணம். அறிமுகத்தின்போது வெர்னாவில் அது உச்சப் படியில் மட்டும். சிட்டியில் 2023 முதல், எஸ்வியைத் தவிர மற்ற படிகளில். அமேஸில் இசட்எக்ஸ் படியில். இதில் முன்னால் தடை தெரிந்தால் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி ஒன்றே உயிர் காக்கக்கூடியது. வழித்தடம் மாறாமல் ஸ்டியரிங்கைத் திருத்தும் வசதி, கோடே இல்லாத நம் ஊர்ச் சாலைகளில் தொல்லை. நகருக்குள் பலர் அதை அணைத்து வைத்துவிடுகிறார்கள். மாதத்தில் நான்கு முறை இரவில் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு இந்தப் படி தகும். முன் கண்ணாடியில் கேமரா பொருத்தியிருப்பதால், கண்ணாடி உடைந்தால் மாற்றும் செலவும் கூடும். காப்பீட்டில் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சன்ரூஃப் பற்றி ஒரு வரி. ஆண்டில் எட்டு மாதம் வெயில் கொளுத்தும் மண்ணில், உயரமானவரின் தலை இடத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, கூரையில் ஒரு கண்ணாடி. பிள்ளைகள் கேட்பார்கள். அதில் நின்றுகொண்டு பயணம் செய்ய விடாதீர்கள்.

## பத்து லட்சக் கோடு

எக்ஸ்-ஷோரூம் விலை என்பது ஜிஎஸ்டி சேர்ந்த காரின் விலை. ஆன்-ரோடு விலை என்பது அதோடு சாலை வரி, பதிவு, காப்பீடு சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதிய காருக்கான ஆயுட்கால சாலை வரி இப்படி இருக்கிறது:

1. 5 லட்சம் வரை 12 சதவீதம்.
2. 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம்.
3. 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம்.
4. 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம்.

வருமான வரியைப் போல, கோட்டைத் தாண்டிய தொகைக்கு மட்டும் உயர் விகிதம் என்பதல்ல இது. முழு விலைக்கும் விகிதம் மாறிவிடும். 9,95,000 ரூபாய் காருக்குச் சாலை வரி 1,29,350. 10,05,000 ரூபாய் காருக்கு 1,80,900. பத்தாயிரம் ரூபாய் கூடுதல் விலைக்கு 51,550 ரூபாய் கூடுதல் வரி. காம்பாக்ட் செடான்களின் உயர் வேரியன்ட்கள் இந்தக் கோட்டை உரசிக்கொண்டுதான் நிற்கின்றன. சிறப்பு நிறத்துக்குக் கேட்கும் சில ஆயிரம் ரூபாய்கூட விலையைக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிடலாம். பத்து லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீதம் டிசிஎஸ்ஸும், அதாவது விற்பவர் முன்கூட்டியே வசூலித்துக் கட்டும் வருமான வரியும், பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதை ஈடுசெய்துகொள்ளலாம் என்பதால் அது நஷ்டமல்ல, கைமுதல் மட்டும் கூடும்.

கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கும் ஒரு கணக்கு. ஒரு படி ஏற ஒரு லட்சம் கூடுதல் என்றால், சாலை வரியோடு 1.18 லட்சம். அதை 9 சதவீத வட்டிக்கு ஐந்தாண்டுக் கடனாக எடுத்தால் கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 1.47 லட்சம். ஆண்டுதோறும் கட்டும் காப்பீடு இதில் சேரவில்லை. விற்கும்போது அந்தப் படிக்காகக் கிடைக்கும் கூடுதல் தொகையோ மிகச் சிறியது. பழைய கார் வாங்குகிறவர் ஆண்டையும் ஓடிய கிலோமீட்டரையும் பார்க்கிறாரே தவிர, ஆறு வருடப் பழைய தொடுதிரைக்கு மதிப்புக் கொடுப்பதில்லை.

## சில சூழல்களில் பொருத்திப் பார்த்தால்

கோவையில் ஐந்து பேர் கொண்ட குடும்பம். மாதம் 800 கி.மீ. ஓட்டம், ஆண்டுக்கு நான்கைந்து முறை மலை. இவர்களுக்கு முறுக்குவிசை தேவை, டிக்கி தேவை, ஆனால் ஓட்டம் குறைவு. ஒரு லிட்டர் டர்போ, டார்க் கன்வர்ட்டர், நடுப்படி. ஹைபிரிட்டும் 1.5 டர்போவும் இந்த வீட்டுக்குக் கணக்கில் வராது.

சென்னையில் தினம் 50 கி.மீ. நெரிசல், பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர். இங்கே சிவிடி. அலுவலக ஓட்டத்தோடு வார இறுதிப் பயணங்களும் சேர்ந்து ஆண்டுக்கு 25,000 கி.மீ. தாண்டுமென்றால் ஹைபிரிட்டைப் பரிசீலிக்கலாம். அதன் விலை 20 லட்சக் கோட்டை ஒட்டி இருப்பதால் அன்றைய விலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

மாதம் நானூறு கிலோமீட்டர், சமதரை, கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் என்றால் நான்கு மீட்டருக்கு உட்பட்ட செடான், மேனுவல், இரண்டாம் படி. அதற்கு மேல் செலவழிக்க எந்தக் காரணமும் இல்லை.

## முன்பணம் கட்டுவதற்கு முன்

சோதனை ஓட்டத்துக்கு ஷோரூமில் நிறுத்தியிருப்பது பெரும்பாலும் உச்சப் படி ஆட்டோமேட்டிக்தான். அதை ஓட்டிப் பார்த்துவிட்டு வேறு எஞ்சினை, வேறு கியர்பாக்ஸைப் பதிவு செய்வது கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதற்குச் சமம். நீங்கள் வாங்கப் போகும் எஞ்சினும் கியர்பாக்ஸும் உள்ள வண்டியையே கேளுங்கள். அது வேறு கிளையில் இருந்தால் அங்கே போய் ஓட்டுங்கள். வீட்டார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, அருகில் உள்ள ஏதாவது மேம்பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி மீண்டும் எடுத்துப் பாருங்கள். வீட்டில் மூத்தவரைப் பின் இருக்கையில் உட்காரவைத்து, ஏறி இறங்கச் சிரமமா என்று கேளுங்கள். செடானின் தாழ்ந்த இருக்கை சில முழங்கால்களுக்கு ஒத்துவராது. அது தெரிந்த பிறகு எஞ்சின் பற்றிய பேச்சே தேவைப்படாமல் போகலாம்.

ஆன்-ரோடு விலையை வரி, பதிவு, காப்பீடு, உபரிப் பொருள்கள் என்று தனித்தனியாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். காப்பீட்டை அங்கேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தயாரான மாதமும் ஆண்டும் என்ன என்று கேட்டு, அதையும் அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். ஜனவரியில் வாங்கும் கார் முந்தைய ஆண்டில் தயாரானதாக இருந்தால், விற்கும்போது அது ஒரு வயது கூடிய கார். அதற்கேற்ற தள்ளுபடி கிடைக்காவிட்டால், அடுத்த சரக்கு வரும்வரை காத்திருங்கள்.